இடது தோளையும் பாருங்க

நான் வக்கீல் குமாஸ்தா. பெயர் குஞ்சிதபாதம். தஞ்சாவூர் கோர்ட்டில் மீரா உசேன் வக்கீலிடம் முப்பது வருஷமாக இருக்கிறேன். கோர்ட்டு வாசலில் நேரில் பார்த்தால் என்னை "சார்" என்பார்கள், முதுகுக்குப் பின்னால் "நாறவாய்" என்பார்கள். இரண்டும் சரிதான். எத்தனையோ கட்சிக்காரர்களைப் பார்த்தாயிற்று. ஜெயித்தவன், தோற்றவன், ஜெயித்தும் தோற்றவன். ஒருத்தரையும் நான் வீட்டுக்குச் சுமந்துகொண்டு போனதில்லை. வைத்தியலிங்கம் ஒருத்தனைத்தான் என்னால் இறக்கி வைக்க முடியவில்லை. அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான்.

யார் மேல் கோபம் என்று கேட்டால், அவன் மேலேயேதான். அந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருந்தால்... சரி, இருங்கள், முறையாகச் சொல்கிறேன்.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம். கோவிந்தராசு வீட்டு நிலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கரை, வைத்தியின் அப்பா குத்தகைக்கு உழுதார், அவருக்குப் பிறகு வைத்தி உழுதான். குத்தகை என்றால் அந்த ஊரில் நெல் அளப்பது மட்டும் இல்லை. நிலத்துக்காரர் வீட்டில் அறுப்பு என்றால் குத்தகைக்காரன்தான் போய்க் கட்டுத் தூக்க வேண்டும், தலைக்கு மேலே தாளை ஓங்கி அடித்து நெல் உதிர்க்க வேண்டும், மூட்டையைக் களத்திலிருந்து வண்டிக்கும் வண்டியிலிருந்து பத்தாயத்துக்கும் ஏற்ற வேண்டும். கூலி கிடையாது. கேட்டால், "நம்ம வூட்டு வேலைக்குக் கூலியாடா?" என்பார் கோவிந்தராசுவின் அப்பா. அந்த "நம்ம வூடு" என்ற வார்த்தைக்காக வைத்தி மீசை முளைக்கிறதுக்கு முன்னாலிருந்தே தோளைக் கொடுத்தான். ஆள் உயரமில்லை. ஆனால் தோள் இரண்டும் எருமைக்கடா மாதிரி. மற்றவர்கள் இரண்டு பேராகப் பிடித்து ஏற்றுகிற மூட்டையை ஒருத்தனாகக் குனிந்து வாங்கி, வலது தோளில் நிமிர்த்திக்கொண்டு நடப்பான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

குத்தகைக்காரன் பெயரைப் பதிவு செய்ய வேண்டும், அவனை வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வரத்தான் வந்தது. மேடைக்கு மேடை "உழுபவனுக்கே நிலம்" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். இந்தக் கழகம் போய் அந்தக் கழகம் வந்தது, அது போய் இது வந்தது. கோவிந்தராசு ஒவ்வொரு தேர்தலுக்கும் வேட்டியில் கரையை மாற்றிக்கொண்டான். கரை மாறியதே தவிர வரப்பு மாறவில்லை. வைத்தியின் அப்பா கடைசிவரை பதிவு செய்யப் போகவே இல்லை. "பெரியவரு மொகத்துல அப்புறம் எப்புடி முழிக்கிறது?" என்றாராம். என்ன செய்ய, அப்படி ஒரு ஜென்மம்.

வைத்தியும் வாழ்க்கையில் ஒரு தடவை ஜெயித்திருக்கிறான். அவன் வயலுக்கு மேற்கே வேறு ஒருத்தர் வயல். அந்த ஆள் வருஷா வருஷம் வரப்பைச் செதுக்கிச் செதுக்கி வைத்தி பக்கம் தள்ளிக்கொண்டே வந்தார். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர் ஒருவர் வைத்திக்கு யோசனை சொன்னார். "ஒன் வயலை மட்டும் அளக்கச் சொல்லாத வைத்தி. கொறையுதுன்னா நீ பொய் சொல்றேம்பான். பக்கத்து வயலையும் சேத்து அளக்கச் சொல்லு. அங்க கூடக் கெடக்குறது எங்கேர்ந்து வந்துச்சுன்னு அவனே சொல்லட்டும்." சர்வேயர் வந்து சங்கிலி போட்டு இரண்டு வயலையும் அளந்தார். வரப்பு பழைய இடத்துக்கே திரும்பியது. அதிலிருந்து அந்தத் தெருவில் அதுதான் வேதம். எந்தத் தகராறு என்றாலும் "ரெண்டு பக்கமும் அளங்க" என்பார்கள். ஆடு மேய்ந்த பயிருக்கு நஷ்டம் கேட்கப் போனால்கூட, மேயாத பயிரில் ஒரு பிடியைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள்.

அப்புறம் மேட்டூர்த் தண்ணீர் நேரத்துக்கு வராத வருஷங்கள் வந்தன. பெரியவர், கோவிந்தராசுவின் அப்பா, செத்துப் போனார். ரோட்டோர நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்பது என்று கோவிந்தராசு கிளம்பினான். வைத்தியைக் கூப்பிட்டு, நிலத்தை விட்டுவிடு என்றான். "சம்பா நிக்குதுங்க. அறுத்துக்கிறேன், அப்பறம் பேசுவோம்" என்றான் வைத்தி. கோவிந்தராசு அதுவரைக்கும் பொறுக்கவில்லை. மாசி மாசம் ஒரு காலையில் ஆட்களைக் கூட்டிவந்து, நிற்கிற பயிரில் அரிவாளை வைத்துவிட்டான்.

கட்டு களத்தில் வந்து விழுந்ததும் வைத்தி அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டான். அவன் மனைவி ஞானாம்பாள் பக்கத்தில் நின்றாள். இரண்டு பேர் அவன் வலது கையைப் பிடித்து இழுத்தார்கள். அவன் அசையவில்லை. கோவிந்தராசுவே வந்து, அந்தக் கையை வாங்கி முதுகுப் பக்கம் முறுக்கி மேலே தூக்கினான். "டப்புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சுண்ணே, பச்சை மட்டைய முறிச்ச மாரி" என்று ஞானாம்பாள் என்னிடம் சொன்னாள். களத்தைச் சுற்றி ஊரே நின்றது. ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கை மேலே போகவில்லை. சட்டை போட ஞானாம்பாள் வேண்டும். தலை துவட்ட அவள் வேண்டும். இடது கையால் சாப்பிடச் சொன்னால் மாட்டேன் என்பான். வலது முழங்கையை இடது கையால் தாங்கித் தூக்கி, குனிந்து குனிந்து வாயைச் சோற்றுக்குக் கொண்டுபோவான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று நாமெல்லாம் பழமொழிக்குச் சொல்கிறோம். அவன் அப்படித்தான் தினம் சாப்பிட்டான்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு உடையவில்லை, சாதாரணக் காயம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஸ்டேஷனில், சமாதானமாகப் போங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குள் வயலில் மனைக்கல் நட்டாகிவிட்டது. அப்போதுதான் புருஷனும் பெண்டாட்டியுமாக எங்கள் ஆபீசுக்கு வந்தார்கள்.

மீரா உசேன் வக்கீல் எல்லாவற்றையும் கேட்டார். "குத்தகை பதிவாகலை. நெலத்துக்குக் கேஸ் போட்டா நிக்காது. ஒங்களை அடிச்சதுக்கு நேராக் கோர்ட்டுலயே தனிப்புகார் போடலாம்" என்றார்.

"நெலம் போச்சுங்க. நான் அதைக் கேக்கலை" என்றான் வைத்தி. "என் கைய இவன்தான் முறிச்சான்னு கோர்ட்டு ஒரு வார்த்தை சொல்லணும். ஊரே பாத்துச்சுங்க, ஆனா நாளைக்கிக் கேட்டா, வைத்திக்குத் தானா கை போச்சும்பானுங்க. கோர்ட்டு சொல்லிட்டா அப்பறம் யாரும் மாத்திப் பேச முடியாதுல்ல?"

நான் பக்கத்தில் வக்காலத்துத் தாளை நீட்டிக்கொண்டு நின்றேன். அதில் வலது கையால் கையெழுத்துப் போட அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.

பிறகு வாய்தா மேல் வாய்தா. எதிரி வரவில்லை, ஜட்ஜ் லீவு, சம்மன் சேரவில்லை, வக்கீல்கள் பகிஷ்கரிப்பு. இப்படியே ஐந்து வருஷம். எதிர்த்தரப்பு வைத்திருந்த ஒரே ஆயுதம் அந்த எக்ஸ்ரே. "எலும்பே உடையலை, கை போச்சுன்னா எப்படிப் போச்சு? நடிப்பு" என்று அவர்கள் வக்கீல் ஒவ்வொரு தடவையும் சொல்லுவார். நடிப்பு என்ற வார்த்தை காதில் விழும்போதெல்லாம் வைத்தி தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளப் பார்ப்பான். அதுவும் போகாது.

ஒருநாள் வக்கீல் என்னைக் கூப்பிட்டார். "குஞ்சு, எக்ஸ்ரேயில எலும்புதான்யா தெரியும், ஜவ்வு தெரியாது. நம்ம ஊர்லயே டாக்டர் ஜெக்கரியான்னு ஒருத்தர் தோளுக்கு ஸ்கேன் பண்றாராம். ஜவ்வு கிழிஞ்சிருந்தா படத்துல தெரியுமாம். அவரே வந்து சாட்சியும் சொல்லுவார். நீயே வைத்தியக் கூட்டிக்கிட்டுப் போ."

ஐந்து வருஷத்தில் முதல் தடவையாகக் கேசுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

ஸ்கேன் சென்டருக்குப் போனால் அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்பது குற்றம் என்று சுவரில் பெரிய போர்டு வேறு. வைத்தி வாசலிலேயே நின்றுவிட்டான். "அண்ணே, இது வவுத்துப் புள்ளையப் பாக்குற எடம். நாம தப்பா வந்துட்டோம்."

"ஒன் தோள்ல என்ன புள்ளை இருக்குன்னு பாக்கத்தான்யா கூட்டியாந்தேன். உக்காரு பேசாம" என்றேன். பக்கத்தில் இருந்த பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டாள். ஞானாம்பாளும் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

உள்ளே அறையில் விளக்கைக் குறைத்திருந்தார்கள். டாக்டர் ஜெக்கரியா நல்ல மனுஷர். ஏழை பாழை என்று பார்க்காமல் ஒவ்வொன்றையும் விளக்கிச் சொல்லுகிறவர். வைத்தியை ஸ்டூலில் உட்காரவைத்து, தோளில் ஜில்லென்று ஒரு களிம்பைத் தடவினார்.

"பெரியவரே, வலது கையைப் பின்னால கொண்டுபோங்க. பேன்ட் பாக்கெட்லேர்ந்து பர்ஸ் எடுக்கிற மாதிரி."

"வேட்டியில ஏதுங்க பாக்கெட்டு?"

"சரி, வேட்டி முனையைப் பின்னால சொருகுற மாதிரி வைங்க."

கை போகவில்லை. ஞானாம்பாள் அதைப் பிடித்து மெதுவாக இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோனாள். வைத்தி பல்லைக் கடித்துக்கொண்டான். டாக்டர் கருவியைத் தோளில் வைத்துத் திரையைக் காட்டினார்.

"இதோ வெள்ளையா வளைஞ்சு தெரியுதே, இது எலும்பு. தோள் உருண்டை. இது மேல பட்டையா ஒரு ஜவ்வு மூடியிருக்கணும். நல்ல ஜவ்வுன்னா வைக்கோல் பிரி மாதிரி இழை இழையாத் தெரியும். கையைத் தூக்குறதே அதுதான்."

"இங்க ஒண்ணுமே இல்லியே சார்" என்றேன் நான்.

"அதான் விஷயம். முழுசா அறுந்து உள்ள இழுத்துக்கிச்சு. மேல் சதை நேரா எலும்பு மேலயே வந்து உக்காந்திருக்கு பாருங்க."

ஒரு மனுஷனுக்கு ஜவ்வு அறுந்துபோனது என்று கேட்டு எனக்குச் சந்தோஷம் வந்தது. கோர்ட்டுப் பிழைப்பு அப்படிப்பட்ட பிழைப்பு. ஞானாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப நான் நடிக்கலைங்க" என்றான் வைத்தி.

"இதை வச்சுக்கிட்டு யாரும் நடிக்க முடியாது" என்றார் டாக்டர்.

வேலை முடிந்துவிட்டது. டாக்டர் களிம்பைத் துடைத்துக்கொள்ளக் காகிதம் எடுத்துக் கொடுத்தார். வெளியே அடுத்த பெண்ணின் பெயரைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது இவன் வாயைத் திறந்தான்.

"இடது தோளையும் பாருங்க டாக்டர்."

"அது எதுக்குய்யா இப்ப? நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

"நல்லா இருக்குறதாலதாண்ணே சொல்றேன். ரெண்டையும் அளந்தாத்தான் நாயம். நல்ல தோளு இப்புடி இருக்கு, இது இப்புடிப் போச்சுன்னு பக்கத்துல வச்சுக் காட்டுனாத்தான் ஜட்ஜய்யாவுக்கு வெளங்கும். ஒண்ணை மட்டும் காட்டுனா நம்ப மாட்டாங்க."

"நாங்களும் ஒப்பிட்டுப் பார்க்கிறது உண்டுதான்" என்று டாக்டர் மறுபடியும் களிம்பை எடுத்தார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

இடது கை சுலபமாக முதுகுக்குப் போயிற்று. வைத்தி என்னைப் பார்த்து, பார்த்தீங்களா என்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தான். டாக்டர் கருவியை வைத்தார். திரையில் வைக்கோல் பிரி தெரிந்தது. ஆனால் பிரியின் நடுவே ஒரு துண்டு மட்டும் இல்லாமல் கருப்பாக இருந்தது.

டாக்டர், "கொஞ்சம் பொறுங்க. கருவியைச் சாய்ச்சுப் பிடிச்சா நல்ல ஜவ்வுகூடச் சில சமயம் கருப்பாத் தெரியும். அதுல ஏமாந்துறக் கூடாது" என்று சொல்லிவிட்டு, கருவியை நேராக நிமிர்த்தினார். ஐயாறப்பா, அது சாய்ச்சலாகவே இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். கருப்பு போகவில்லை. குறுக்கே திருப்பிப் பார்த்தார். அப்போதும் அங்கேயே இருந்தது.

"இதுலயும் கிழிசல் இருக்கு பெரியவரே. அந்தப் பக்கம் அளவுக்கு இல்லை. ஆனா மேலேர்ந்து அடி வரைக்கும் ஓட்டை விழுந்திருக்கு."

"வலியே இல்லீங்களே?"

"சில பேருக்கு வலிக்காது. அதுபாட்டுக்குத் தேஞ்சு தேஞ்சு விட்டுப் போயிரும்."

"எதனால தேயும்?"

"வயசு. பாரம் தூக்குறது. கையைத் தலைக்கு மேல ஓங்கிச் செய்யிற வேலை. நீங்க பாத்த வேலையெல்லாம்தான்."

வைத்தி தன் இடது தோளையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதை யாரும் தொடவே இல்லீங்களே டாக்டர்" என்றான். அதையே திரும்பவும் சொன்னான்.

நான் டாக்டரைத் தனியாக ஓரமாகக் கூப்பிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கையெடுத்துக் கும்பிட்டேன். "சார், நாங்க கேட்டு வந்தது வலது தோளுக்குத்தான். இடதை எழுதாம விட்டுருங்க. எதிர்த்தரப்பு வக்கீல் கையில இது கிடைச்சா எங்களைக் கொன்னே போட்டுருவான்."

"நீங்க கேக்காம இருந்தா நான் பாத்தே இருக்க மாட்டேன்" என்றார் அவர். "பாத்துட்டேனே. நாளைக்குக் கூண்டுல ஏறிச் சத்தியம் பண்ணிட்டு, இன்னொரு தோளைப் பாத்தீங்களான்னு கேட்டா நான் என்ன சொல்றது?" அவர் குரலில் கோபம் இல்லை. அதனால் எனக்குச் சண்டை போடவும் வழி இல்லை.

ஞானாம்பாள்தான் கேட்டாள். "தைக்க முடியாதுங்களா?"

"வலதுல முடியாதும்மா. அஞ்சு வருஷம் போயிருச்சு. சதையெல்லாம் சுருங்கிக் கொழுப்பா மாறிக் கெடக்கு. இழுத்துத் தைச்சாலும் நிக்காது. உடனே பாத்திருந்தா ஒரு வழி இருந்திருக்கும். இடது கையில பாரம் தூக்காமப் பாத்துக்கச் சொல்லுங்க."

"பாரம் தூக்குறதை விட்டா இவருக்கு வேற என்னங்க தெரியும்?" என்றாள் அவள். அடுத்த பெண் உள்ளே வந்துவிட்டாள்.

அதுவரைக்கும் அந்த இடது கையை வைத்துத்தான் அவன் காலம் தள்ளினான். மண்வெட்டி பிடித்தான், மாட்டுக்குத் தண்ணீர் இறைத்தான், கடைகளில் சில்லறைச் சுமை தூக்கினான். ஸ்கேன் பார்த்துவிட்டு வந்த பிறகு அதையும் விட்டுவிட்டான். தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொட மாட்டேன் என்றான். வலிக்கிறதா என்று கேட்டால், வலிக்கவில்லை, ஆனால் கிழிந்தது கிழிந்ததுதானே என்பான். தெரியாமல் இருந்தவரைக்கும் நன்றாயிருந்த கை அது. ஞானாம்பாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க் குடும்பத்தை இழுத்தாள். நல்லது நினைத்து ஒரு காரியம் செய்யப் போய் இப்படியா ஆகும்?

மீரா உசேன் வக்கீல் இரண்டு நாள் யோசித்தார். ஸ்கேனைக் கொடுக்காவிட்டால் வெறும் எக்ஸ்ரே, நடிப்பு என்று முடிந்துவிடும். கொடுத்தால் இடது தோள் குறுக்கே வந்து நிற்கும். "கொடுப்போம் குஞ்சு. வலது முழுசா அறுந்திருக்கு, இடது அப்படி இல்லை. அந்த வித்தியாசத்தை வச்சு வாதாடிப் பாக்குறேன்" என்றார். அவர் முகத்தில் தெம்பு இல்லை.

டாக்டர் கூண்டில் ஏறி உள்ளதை உள்ளபடி சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற ஆள். மெதுவாக ஆரம்பித்தார்.

"இந்த வலது தோள் எப்பக் கிழிஞ்சுதுன்னு ஸ்கேன்ல தெரியுமா டாக்டர்?"

"பழசுன்னு தெரியும். எந்த வருஷம்னு சொல்ல முடியாது."

"இடது தோள்ல இருக்கிற கிழிசல் தேய்மானமா இருக்கலாமா?"

"இருக்கலாம்."

"அப்ப வலதும் தேய்மானமா இருக்கலாமா?"

"முறுக்கினதாலயும் இருக்கலாம்."

"தேய்மானமா இருக்கலாமா, முடியாதா?"

"இருக்கலாம்."

இருக்கலாம் என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை பேர் கோர்ட்டிலிருந்து மாலை போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் வக்கீல் எழுந்து ஏதேதோ கேட்டுப் பார்த்தார். ஓட்டை விழுந்த படகில் தண்ணீர் இறைக்கிற கதைதான்.

பிறகு வைத்தியை மறுபடியும் கூண்டில் ஏற்றினார்கள். ஏறும்போதே என்னைத் தேடிப் பார்த்தான். வளவளவென்று பேசாதே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று அவனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

"ஒங்க இடது தோளை யார் அடிச்சாங்க?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"யாரும் அடிக்கலைங்க."

"அப்புறம் எப்படிக் கிழிஞ்சுது?"

"மூட்டை தூக்குனதுலதான் இருக்குமுங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "எல்லாம் அவுங்க வூட்டு மூட்டைதாங்க. பெரியவரு காலத்துலேர்ந்து. கூலிகூட வாங்குனதில்லீங்க."

"கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க" என்றார் ஜட்ஜ்.

"வலது தோள்லயும் மூட்டை தூக்குவீங்களா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வைத்திக்குள் அந்தப் பழைய கர்வம் எழுந்து நின்றது. முதுகு நிமிர்ந்தது. குரலே மாறிவிட்டது.

"அதுலதாங்க அதிகம்! எங்க ஊர்ல ஒத்த ஆளா மூட்டைய வாங்கி நிமித்துறவன் நான் ஒருத்தன்தாங்க. வேணும்னா அவுங்களையே கேளுங்க."

எதிரி வரிசையில் நின்ற கோவிந்தராசு, ஆமாம் என்று தலையை ஆட்டினான். எதிர்த்தரப்பு வக்கீல், வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சொல்லித் திட்டிக்கொண்டே வெளியே வந்தேன். ஆனால் அவன் என்ன பொய்யா சொன்னான்? ஒரு தோளை வேலையால் தின்றார்கள், ஒரு தோளை அடித்துத் தின்றார்கள், தின்றது ஒரே வீடு. இதை எழுதச் சட்டத்தில் எந்தப் பிரிவு இருக்கிறது? நானும் முப்பது வருஷமாகத் தேடுகிறேன்.

தீர்ப்பு நாளில் ஜட்ஜ் வேகமாகப் படித்தார். காயம் சம்பவத்தில்தான் ஏற்பட்டது என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை. பார்த்ததாகச் சொல்லும் ஒரே சாட்சி புகார்தாரரின் மனைவி. சந்தேகத்தின் பலனை எதிரிகளுக்கு அளித்து விடுதலை செய்கிறேன். அவ்வளவுதான்.

வராந்தாவுக்கு வந்ததும் வைத்தி என் கையைப் பிடித்துக்கொண்டான். "என்ன சொன்னாங்கண்ணே?"

"விடுதலை."

"அடிக்கலைன்னு சொல்லிட்டாங்களா?"

"அப்படிச் சொல்லலைய்யா. அடிச்சதுலதான் கை போச்சுன்னு நிரூபிக்கலைன்னு சொன்னாங்க."

"ரெண்டும் ஒண்ணுதானேண்ணே" என்றான்.

இல்லை, ஒன்று இல்லை என்று எடுத்துச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். அதற்குள் ஞானாம்பாள் கோர்ட்டு வாசலில் இறங்கி, ரெண்டு கையாலும் மண்ணை வாரினாள். கோவிந்தராசுவின் கார் போன திசையைப் பார்த்துத் தூற்றினாள். "நீ நாசமாப் போவ! ஒன் வூட்டுல வெளக்கேத்த ஆளில்லாமப் போவும்! என் கண்ணால பாத்தேன்டா, என் கண்ணால பாத்தேன்!" என்று அலறினாள். போலீஸ்காரர் ஓடிவந்தார். நான் நடுவே புகுந்து, அம்மா வாங்க, வாங்க என்று இழுத்துக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டேன். வைத்தி அவளைத் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து முன் சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பீல் போடலாமா என்று பிறகு வக்கீல் ஆள் அனுப்பிக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

அடுத்த ஆடியில் ஒரு நோட்டீஸ் விஷயமாக நான் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் போனேன். மினி பஸ் அந்த மனைப்பிரிவு வாசலில் நின்றது. பெரிய வளைவு கட்டி, உள்ளே மனைக்கல்லுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள். வளைவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் நீலச் சட்டைக் காவல்காரன். அவன் வலது கை மடியில் சும்மா கிடந்தது. வைத்திதான். நான் பஸ்ஸிலிருந்து குதிக்காத குறையாக இறங்கினேன்.

"ஏன்யா, ஒனக்கு வேற போக்கிடமே கிடைக்கலியா?" என்று கத்தினேன். என் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். மானம் இருக்கிறதா என்றேன். சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறாயா என்றேன். உன் பெண்டாட்டி வெயிலில் குனிந்து நடவு நடுகிறாள், நீ அவன் வாசலில் உட்கார்ந்து அவனுக்குக் காவலா என்றேன். அவன் எழுந்து, நாற்காலியை இடது கையால் துடைத்து எனக்குத் தள்ளினான்.

"உக்காருங்கண்ணே. பாரம் தூக்காத வேலை இது ஒண்ணுதான் இருந்துச்சு. அவுங்களே கூப்புட்டாங்க."

"அவன் ஒன்னை அடிச்சவன்யா!"

"அடிக்கலைன்னு கோர்ட்டே சொல்லிருச்சேண்ணே. அடிக்காதவங்க வூட்டுல காவல் இருந்தா என்ன தப்பு?"

குத்திக் காட்டுகிறானோ என்று அவன் முகத்தைப் பார்த்தேன். அப்படி இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன், மனசும் ஆறியிருக்கும். அவன் முகத்தில் குத்தல் ஒன்றும் இல்லை. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தவன் மாதிரி நிதானமாகப் பேசினான்.

"நானும் ரொம்ப நாளு நெனைச்சுப் பாத்தேண்ணே. இடது தானா அறுந்துச்சுல்ல? வலதும் அப்புடித்தான் தானா அறுந்திருக்கும். அன்னைக்கி அவுங்க தொட்ட நேரம், பாவம், அவுங்க மேல பழி வந்துருச்சு. ஞானாம்பாகிட்டயும் சொல்லிட்டேன், இனிமே அவுங்களத் திட்டக் கூடாதுன்னு."